விதைப் பெட்டி அனுப்பிய குடியானவர்

தை, மாசி மாதங்களில் வாதாங்கொட்டை மரத்தைக் கவனித்திருப்பீர்கள். அகன்ற பச்சை இலைகள் ஒவ்வொன்றாகச் செம்பு நிறம் கொண்டு, பிறகு நல்ல குங்குமச் சிவப்பாகி, ஒரு காற்றடித்தால் முற்றத்தில் வந்து விழும். கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கு அது தொல்லைதான். ஆனால் நிமிர்ந்து பார்க்கிறவர்களுக்குப் பூவே இல்லாமல் மரம் பூத்தது போல இருக்கும்.

நம் சமவெளியில் இப்படிச் சிவக்கும் மரங்கள் அருமை. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலோ, அக்டோபர் மாதம் வந்துவிட்டால் காடு முழுவதுமே இந்தக் கோலம்தான். மேப்பிள் மரம் நெருப்பாகச் சிவக்கும். ஹிக்கரி மரம் தங்கமாக மஞ்சளிக்கும். வெள்ளை ஆஷ் மரம் மஞ்சளில் தொடங்கி ஊதா வரை போகும். இந்த மரங்களெல்லாம் இன்று இங்கிலாந்தின் பெரிய தோட்டங்களில், அங்கேயே பிறந்து வளர்ந்தவை போல உரிமையோடு நிற்கின்றன. முந்நூறு வருஷங்களுக்கு முன்பு அங்கே அவை அபூர்வப் பொருள்கள். ஒன்றிரண்டு சீமான்களின் தோட்டத்தில் ஒன்றிரண்டு நின்றிருக்கும், அவ்வளவுதான்.

அவற்றின் விதைகளைக் காடு காடாகப் பொறுக்கி, பெட்டி பெட்டியாக அடைத்து, வருஷந்தோறும் கப்பலேற்றி அனுப்பி, அந்த வண்ணத்தைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முதன்மையானவர் ஒரு குடியானவர். கல்லூரி வாசலை மிதிக்காதவர். ஏர் பிடித்த கையாலேயே தாவர நூல்களையும் பிடித்தவர். கடைசியில் இங்கிலாந்து மன்னருக்கே தாவரவியலாராக நியமனம் பெற்றவர். அவர் பெயர் ஜான் பார்ட்ரம்.

ஏரும் புத்தகமும்

அமெரிக்கா அப்போது தனி நாடாகவில்லை. பென்சில்வேனியா என்பது ஆங்கிலேயரின் குடியேற்ற நாடு. குவேக்கர் என்னும் எளிய கிறிஸ்தவப் பிரிவினர் அங்கே நிறையக் குடியேறியிருந்தார்கள். பார்ட்ரமின் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் டார்பி என்ற ஊரில் 1699-ஆம் வருஷம் பார்ட்ரம் பிறந்தார். இரண்டு வயதில் தாயை இழந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டு, மூத்த தாரத்துப் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுத் தெற்கே வடகரோலினாவுக்குப் பிழைக்கப் போனார். 1711-இல் அங்கே செவ்விந்தியர்களுக்கும் குடியேறியவர்களுக்கும் மூண்ட சண்டையில் அவர் கொல்லப்பட்டார். அப்போது பார்ட்ரமுக்குப் பன்னிரண்டு வயது.

இந்தக் காயம் அவர் மனத்தில் கடைசி வரை ஆறவில்லை. செவ்விந்தியர்களைப் பற்றி அவர் கடிதங்களில் எழுதியிருப்பதைப் படித்தால், செடிகொடிகளிடம் அத்தனை பரிவு காட்டியவரா இவர் என்று தோன்றும். பிற்காலத்தில் மகனுக்குப் பண்ணை வைத்துக் கொடுத்தபோது அதில் வேலை செய்ய அடிமைகளையும் விலைக்கு வாங்கிக் கொடுத்தார். இவற்றை மறைத்துவிட்டு வரலாறு எழுதுவதில் அர்த்தமில்லை.

1723-இல் முதல் மணம். இரண்டு பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு அந்த அம்மாள் 1727-இல் இறந்துபோனாள். மறு வருஷம் ஸ்கூல்கில் என்ற ஆற்றின் கரையில் 102 ஏக்கர் நிலம் ஏலத்துக்கு வந்தது, பார்ட்ரம் வாங்கினார். 1729-இல் ஆன் மெண்டன்ஹால் என்ற பெண்ணை மணந்தார். நிலத்தில் ஏற்கெனவே இருந்த சிறிய வீட்டைத் தம் கையாலேயே கல் உடைத்துப் பெரிதாக்கிக் கட்டி, தம் பெயரையும் மனைவி பெயரையும் சேர்த்து 1731 என்று வருஷம் போட்டுக் கல்லில் செதுக்கி வைத்தார். ஆன் அம்மாளுக்கு ஒன்பது குழந்தைகள். கணவர் மாதக்கணக்கில் காட்டில் திரிந்தபோது பண்ணையையும் பிள்ளைகளையும் தோட்டத்தையும் கட்டிக் காத்தவர் அந்த அம்மாள்தான். புகழ் பெற்றவர்களின் கதைகளில் இப்படி ஒருவர் ஓசையில்லாமல் வீட்டில் இருப்பது வழக்கம்.

பார்ட்ரம் தாவர சாஸ்திரத்துக்கு வந்த விதம் பற்றி ஒரு கதை உண்டு. ஒரு நாள் உழுதுகொண்டிருந்தபோது களைத்துப்போய் மர நிழலில் உட்கார்ந்தாராம். கையில் அகப்பட்ட ஒரு சிறு பூவைப் பிய்த்துப் பார்த்தாராம். இத்தனை வருஷம் எத்தனை பூக்களை இதன் அமைப்புத் தெரியாமலே ஏரால் புரட்டிப் போட்டிருக்கிறேன் என்று வெட்கப்பட்டு, மறுநாளே ஆளை வைத்து உழச் சொல்லிவிட்டுப் பட்டணத்துக்குப் புத்தகம் வாங்கப் போனாராம். அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு பிரெஞ்சுக்காரர் தம் புத்தகத்தில் எழுதிவைத்த கதை இது. அழகான கதைதான், ஆனால் அப்படியே நம்ப வேண்டியதில்லை. சிறு வயதிலிருந்தே மூலிகைகளில் அவருக்கு நாட்டம் இருந்தது. அக்கம்பக்கத்து ஏழைகளுக்கு மருந்தும் கொடுத்து வந்தார். பிலடெல்பியாவின் பெரிய மனிதரான ஜேம்ஸ் லோகன் அவருக்குத் தாவர நூல்களைக் கொடுத்து உதவினார். சுவீடன் நாட்டு லின்னேயஸ் அப்போதுதான் புதிதாக வகுத்திருந்த தாவரப் பாகுபாட்டையும் விளக்கினார். லத்தீன் மொழி பார்ட்ரமுக்குக் கடைசி வரை முரட்டுக் குதிரையாகவே இருந்தது. அவர் ஆங்கில எழுத்துப் பிழைகளோ பிரசித்தம். ஆனால் ஓர் இலையைப் பார்த்தால் அது எந்த மலையில், எந்தச் சரிவில், எந்த மண்ணில் வளர்வது என்று சொல்லுவார்.

லண்டன் ஜவுளிக்காரர்

லண்டனில் பீட்டர் காலின்ஸன் என்று ஒரு ஜவுளி வியாபாரி இருந்தார். அவரும் குவேக்கர். தொழில் துணி, பைத்தியம் தோட்டம். அமெரிக்காவுக்குத் துணி அனுப்பும்போதெல்லாம் அங்கிருந்து விதை அனுப்பும்படி ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே இருப்பார். எல்லோரும் தலையை ஆட்டுவார்கள், எவரும் அனுப்ப மாட்டார்கள். கடைசியில் பிலடெல்பியா நண்பர்கள் அவருக்கு பார்ட்ரமின் பெயரை எழுதி அனுப்பினார்கள். 1730-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த அந்தக் கடிதப் போக்குவரத்து, 1768-இல் காலின்ஸன் கண்ணை மூடும் வரையில் நீடித்தது. முப்பது வருஷங்களுக்கு மேல் எழுதிக்கொண்ட இந்த இருவரும் ஒரு தடவைகூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

ஏற்பாடு எளிமையானது. பார்ட்ரம் ஒரு பெட்டியில் சுமார் 105 வகை மர விதைகளையும் செடி விதைகளையும் அடைத்து அனுப்புவார். பெட்டி ஒன்றுக்கு விலை 5 கினி. காலின்ஸன் அதைச் சீமான்களுக்கு விற்றுப் பணத்தைச் சேர்த்து அனுப்புவார். தமக்கென்று தரகு எடுத்துக்கொள்ள மாட்டார். முதல் வாடிக்கைக்காரர் பீட்டர் பிரபு என்ற இளைஞர். பிறகு ரிச்மண்ட் கோமகன், ஆர்கைல் கோமகன், செல்ஸி மூலிகைத் தோட்டத்து பிலிப் மில்லர் என்று பட்டியல் நீண்டது.

எளிமையாகச் சொல்லிவிட்டோம். பெட்டி நிரம்பும் வழியைப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். விதை முற்றுவது இலையுதிர் காலத்தில். அறுவடை முடிந்த கையோடு பார்ட்ரம் குதிரையில் ஏறிவிடுவார். சாலை கிடையாது, பல இடங்களில் ஒற்றையடிப் பாதைகூடக் கிடையாது. மரத்தில் ஏறிக் காய் பறிப்பார். அணிலுக்கும் பறவைக்கும் முந்திக்கொள்ள வேண்டும். கொஞ்சம் முன்னால் போனால் விதை பால் பிடித்திருக்கும், கொஞ்சம் பின்னால் போனால் கொட்டிப் போயிருக்கும். 1738-இல் வர்ஜீனியாவிலும் அதன் மலைகளிலும் ஐந்து வாரங்களில் சுமார் 1,100 மைல் சுற்றினார். அந்தப் பயணத்துக்குப் புறப்படுமுன் காலின்ஸன் ஒரு புத்திமதி சொல்லியிருந்தார்: வர்ஜீனியாக்காரர்கள் ஆளைப் பார்ப்பதற்கு முன் சட்டையைப் பார்ப்பார்கள், ஆகவே நல்ல உடுப்பாக உடுத்திக்கொண்டு போகவும் என்று. ஜவுளிக்காரர் அல்லவா!

பெட்டி கப்பலேறிய பிறகும் நிம்மதி இல்லை. எலி புகுந்து கூடு கட்டும். உப்புத் தண்ணீர் தெறிக்கும். மாலுமிகள் தளத்தில் வைத்த செடியை வெயிலில் காய விடுவார்கள். போர்க் காலங்களில் பிரெஞ்சுக் கப்பல்கள் மறித்துப் பிடித்துக்கொண்டு போகும். பல மாத உழைப்பு ஒரே நாளில் போய்விடும். பார்ட்ரம் மறுபடியும் குதிரையில் ஏறுவார். கூலி போதவில்லை என்று சில சமயம் சூடாகவே எழுதினார். காலின்ஸனும் சில சமயம் எஜமானன் தோரணையில் பதில் எழுதினார். பழைய சட்டை துணிகளையெல்லாம் பெட்டியில் போட்டு அனுப்பினால் எவனுக்குத்தான் கோபம் வராது? ஆனாலும் நட்பு முறியவில்லை. இருவருக்கும் மரம் வேண்டியிருந்தது.

விதையிலிருந்து வண்ணம்

ஆஷ் மரம் என்றேன். ஆங்கிலத்தில் ஆஷ் என்றால் சாம்பல் என்று படித்தவர்கள் இதைச் சாம்பல் மரம் என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. இரண்டும் ஒரே ஒலியுடைய வெவ்வேறு சொற்கள், வேரே வேறு. மல்லிகை, பவழமல்லி, ஆலிவ் இவையெல்லாம் எந்தக் குடும்பமோ அந்தக் குடும்பத்து மரம் இது. கட்டை இறுகியது, அதே சமயம் வளைந்து கொடுப்பது. கிரிக்கெட் விக்கெட்டுக் குச்சிகளை ஆஷ் கட்டையில்தான் கடைவது பழைய வழக்கம். அமெரிக்கர்களின் பேஸ்பால் மட்டைக்கு நெடுங்காலம் பேர் போனதும் இதே மரம்தான்.

இங்கிலாந்திலும் ஆஷ் உண்டு. ஆனால் இலையுதிர் காலத்தில் அதற்கு வண்ணம் தெரியாது. பச்சையாகவே, மிஞ்சினால் வெளிறிய மஞ்சளாக, உதிர்ந்துவிடும். அமெரிக்க வெள்ளை ஆஷ் அப்படியல்ல. வெயில் படும் வெளி இலைகள் ஊதாவும் மெரூனுமாக, உள்ளிருக்கும் இலைகள் மஞ்சளாக, ஒரே மரத்தில் இரண்டு சாயம் தோய்த்தது போல நிற்கும். 1720-களிலேயே இது இங்கிலாந்துக்குப் போய்விட்டது என்றாலும், அமெரிக்க மரங்கள் அங்கே சகாய விலையில் ஏராளமாகக் கிடைக்கத் தொடங்கியது பார்ட்ரம் பெட்டிகளின் காலத்தில்தான்.

இலை ஏன் சிவக்கிறது? இலையில் பச்சையம் இருக்கும் வரை மற்ற நிறங்களை அது மறைத்துக்கொண்டிருக்கும். குளிர் நெருங்கியதும் மரம் பச்சையத்தை உடைத்துச் சத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அடியில் இருந்த மஞ்சள் அப்போது வெளிப்படுகிறது. சிவப்பும் ஊதாவும் அப்படி அடியில் இருந்தவை அல்ல; இலையில் தேங்கும் சர்க்கரையிலிருந்து அந்தச் சமயத்தில் புதிதாக உண்டாகிறவை. பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத குளிர், இரண்டும் சேர்ந்தால் நிறம் ஏறும். பென்சில்வேனியாவின் அக்டோபர் அப்படிப்பட்டது. இங்கிலாந்தின் மூட்டம் போட்ட வானத்தின் கீழ் அதே மரம் கொஞ்சம் மங்கலாகத்தான் சிவக்கும். வெறும் விதையை மட்டும் பெட்டியில் போட்டு அனுப்பினால் போதாது, வானத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று பார்ட்ரமுக்குத் தெரிந்திருந்தாலும் என்ன செய்ய முடியும்?

விதையில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஆஷ் விதைக்கு ஒற்றை இறக்கை இருக்கும். கொத்துக் கொத்தாக, சாவிக் கொத்து மாதிரி தொங்கும். ஆங்கிலத் தோட்டக்காரர்கள் அதைச் சாவி என்றே சொல்வார்கள். விதைத்த உடனே முளைத்துவிடாது. ஈர மண்ணில் குளிர் காலத்தைக் கழித்த பிறகுதான் கண் திறக்கும்; சில விதைகள் அடுத்த வசந்தத்தையும் விட்டு அதற்கடுத்த வசந்தத்தில் முளைக்கும். பொறுமையில்லாத தோட்டக்காரன் இது மலட்டு விதை என்று தொட்டியைக் கவிழ்த்துவிட்டால் போயிற்று. முளைத்து ஆளானாலும், எந்த மரம் ஊதாவாகும், எது வெறும் மஞ்சளோடு நிற்கும் என்பது ஒவ்வொரு மரத்தின் பிறவிக் குணம். விதைக்கு விதை மாறும். ஆகவே இப்போதெல்லாம் நன்றாக நிறமேறும் மரத்தைத் தேர்ந்து, அதிலிருந்து ஒட்டுக் கட்டித்தான் அழகுக்கான கன்றுகளை விற்கிறார்கள். பார்ட்ரமின் 5 கினிப் பெட்டியை வாங்கிய சீமானோ ஒரு லாட்டரிச் சீட்டை வாங்கியவர் மாதிரிதான். பதினைந்து, இருபது வருஷம் கழித்து ஓர் அக்டோபர் மாதத்தில்தான் பரிசு விழுந்ததா இல்லையா என்று தெரியும்.

தோட்டத்தில் வைக்கிறவர்கள் இடம் தாராளமாகக் கொடுக்க வேண்டும். வெள்ளை ஆஷ் 60, 80 அடி உயரம் போகிற மரம். ஆழமான, ஈரம் தங்கும் மண்ணும் முழு வெயிலும் கேட்கும். நிழலில் வைத்தால் மரம் பிழைக்கும், நிறம் பிழைக்காது. இலை உதிர்த்து உறங்கும் காலத்தில்தான் கன்றை இடம் மாற்றலாம்.

பீட்டர் பிரபு இந்த லாட்டரியைப் பெரிய அளவில் ஆடினார். எஸ்ஸெக்ஸில் தார்ண்டன் என்ற தம் பண்ணையில் ஆயிரக்கணக்கான அமெரிக்க மரங்களைக் கலந்து நட்டு, அமெரிக்கக் காடு ஒன்றையே எழுப்ப முயன்றார். ஆனால் அவை நிறமேறி நிற்பதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1742-இல் பெரியம்மை கண்டு 29-ஆம் வயதில் இறந்துபோனார். அவருடைய நாற்றங்காலில் அப்போது 2 லட்சத்துக்கு மேற்பட்ட கன்றுகள் இருந்தன. காலின்ஸன் முன்னின்று அவற்றை மற்றச் சீமான்களுக்கு விற்றார். ஒருவருடைய ஆசை பல தோட்டங்களில் சிதறி வேரூன்றியது. அவர் மனைவி பார்ட்ரமுக்கு அனுப்பிய பேரிக்காய் விதை அமெரிக்காவில் முளைத்துக் காய்த்து, அந்த அம்மாள் பெயராலேயே வழங்கியது.

மன்னரின் சம்பளம்

இதற்குள் பார்ட்ரமின் பெயர் ஐரோப்பா முழுவதும் பரவியிருந்தது. பெஞ்சமின் பிராங்க்ளினும் அவரும் நெருங்கிய நண்பர்கள். 1743-இல் இருவரும் சேர்ந்து வேறு சிலருடன் தொடங்கிய அமெரிக்கத் தத்துவ சங்கம் இன்றும் இயங்குகிறது. அதே வருஷம் வடக்கே ஓனன்டாகா என்ற செவ்விந்தியத் தலைநகர் வரை ஒரு தூதுக் குழுவோடு போய் வந்தார். தந்தையைக் கொன்ற இனத்தார் பற்றிய கசப்பையும் மீறிச் செடி அவரை அழைத்துக்கொண்டு போயிற்று. அந்தப் பயணக் குறிப்பு 1751-இல் லண்டனில் அச்சாயிற்று. லின்னேயஸ் அவரை உலகத்திலேயே தலைசிறந்த இயற்கைத் தாவரவியலார் என்று மதித்ததாகச் சொல்வார்கள். 1769-இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானக் கழகம் அவரை உறுப்பினராக்கிக்கொண்டது.

சொந்த ஊரில் நடந்தது வேறு. ஏசு கிறிஸ்து கடவுள் என்ற கொள்கையை அவர் ஏற்கவில்லை என்பதற்காக 1758-இல் டார்பி குவேக்கர் சபை அவரை விலக்கி வைத்தது. அவரோ சபைக் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்தவும் இல்லை, கொள்கையை மாற்றிக்கொள்ளவும் இல்லை. 1770-இல் ஒரே கடவுளில் தம் நம்பிக்கையைக் கல்லில் செதுக்கி வீட்டுச் சுவரில் பதித்தார். கல் செதுக்கத் தெரிந்த மனிதரோடு வாதாடுவது கஷ்டம்.

1764-இல் ஒரு வேடிக்கை நடந்தது. பக்கத்து வீட்டுப் பையன் வில்லியம் யங் என்பவன் செடிகளைச் சேகரித்து நேரே அரசியாருக்கே அனுப்பிவிட்டான். உடனே அரசியாரின் தாவரவியலார் என்ற பட்டமும் நல்ல சம்பளமும் அவனுக்குக் கிடைத்தன. முப்பது வருஷம் காடு சுற்றிய கிழவருக்கு எப்படி இருந்திருக்கும்! தம்மிடம் பார்த்துத் தெரிந்துகொண்ட பையனுக்கு இந்த யோகமா என்று மனம் குமுறினார். காலின்ஸன் ஓடியாடி மறு வருஷம் மன்னரிடமிருந்து ஒரு நியமனம் வாங்கித் தந்தார். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் தாவரவியலார். சம்பளம் வருஷத்துக்கு 50 பவுன். பையனுக்குக் கிடைத்ததோ இதைப் போலப் பல மடங்கு. அந்த 50 பவுனை வைத்துக்கொண்டு, 66 வயதில், பார்வை மங்கத் தொடங்கியிருந்த நிலையில், மகன் வில்லியமை அழைத்துக்கொண்டு பார்ட்ரம் தெற்கே புறப்பட்டார். கரோலினா, ஜார்ஜியா, புளோரிடா என்று பயணம். வழியில் விஷக் காய்ச்சல் அவரைப் படுத்தி எடுத்தது.

அல்டமஹா ஆற்றங்கரை மரம்

1765 அக்டோபர் 1-ஆம் தேதி ஜார்ஜியாவில் அல்டமஹா ஆற்றங்கரையில், பாரிங்டன் கோட்டைக்கு அருகில், தந்தையும் மகனும் வழி தவறி அலைந்தார்கள். அங்கே இதுவரை கண்டிராத ஒரு சிறு மரம் தோப்பாக நின்றது. அதைக் குறித்துக்கொண்டு நகர்ந்தார்கள். வாழ்நாளெல்லாம் செய்த வேலைகளில் இந்த ஒரு குறிப்புக்கு என்ன மதிப்பு வரப்போகிறது என்பது அன்று அவர்களுக்குத் தெரியாது.

வில்லியம் அப்போது உருப்படாத பிள்ளை என்று பெயர் எடுத்திருந்தவர். வியாபாரம் வைத்துத் தோற்றவர். தந்தை புளோரிடாவில் வைத்துக் கொடுத்த பண்ணையும் பாழாயிற்று. நன்றாக வந்தது படம் வரைவதும் செடி பார்ப்பதும்தான். லண்டன் வைத்தியர் ஜான் பாதர்கில் பண உதவி செய்ய, 1773-இல் மறுபடி தெற்கே போனார். பழைய ஆற்றங்கரைக்கும் போனார். அந்த மரம் பூத்திருக்கக் கண்டார். வெள்ளை வெளேரென்று, உள்ளங்கை அகலப் பூ. நடுவில் பொன்னிறக் கேசரங்கள். நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைச் செடி பூப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சாயல் உடனே பிடிபடும். தேயிலைக் குடும்பத்து மரம்தான் அது. வில்லியம் விதை சேகரித்தார். 1777 தொடக்கத்தில் வீடு வந்து சேர்ந்தார்.

அதே வருஷம் செப்டம்பரில், சுதந்திரப் போரில் பிராண்டிவைன் ஓடைக் கரையில் வாஷிங்டனின் படை தோற்றது. ஆங்கிலப் படை பிலடெல்பியாவை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஐம்பது வருஷம் வளர்த்த தோட்டத்தைச் சிப்பாய்கள் மிதித்துத் துவைத்துவிடுவார்களே என்ற கவலைதான் கிழவரின் உயிரைக் குடித்தது என்று குடும்பத்தார் சொல்லி வந்தார்கள். செப்டம்பர் 22-ஆம் தேதி 78-ஆம் வயதில் பார்ட்ரம் காலமானார். நான்கு நாள் கழித்துப் படை நகருக்குள் நுழைந்தது. தோட்டத்துக்கு ஒரு சேதமும் ஏற்படவில்லை. ஆற்றங்கரை மரம் தம் தோட்டத்தில் பூப்பதை மட்டும் அவர் பார்க்கவில்லை.

அந்த மரத்துக்குப் பழைய நண்பரின் நினைவாக பிராங்க்ளினியா என்று பெயர் வைத்தார்கள். பார்ட்ரமின் உறவினர் ஹம்ப்ரி மார்ஷல் 1785-இல் வெளியிட்ட அமெரிக்க மரங்களைப் பற்றிய நூலில் அந்தப் பெயர் அச்சேறியது. இடைப்பட்ட காலத்தில் தோட்டத்துக்கு வந்தவர்கள் பலர். 1787-இல் ஜார்ஜ் வாஷிங்டனும் வந்தார். அபூர்வச் செடிகள் இருக்கின்றன, ஆனால் தோட்டம் ஒழுங்காக அமைக்கப்படவில்லை என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். உண்மைதான். அது காட்சிக்கு வைத்த தோட்டமல்ல. எந்தச் செடிக்கு எந்த மண் வேண்டுமோ அந்த மண்ணில் அதை வைத்த தோட்டம்.

1803-இல் ஜான் லயன் என்ற சேகரிப்பாளர் அல்டமஹா கரையில் சில பிராங்க்ளினியா மரங்களைப் பார்த்தார். அதற்குப் பிறகு காட்டில் அதை எவரும் பார்க்கவில்லை. எத்தனையோ பேர் தேடிப் போனார்கள். இன்று வரை ஒரு கன்றுகூட அகப்படவில்லை. வெள்ளமா, தீயா, பருத்தி வயல்களிலிருந்து பரவிய வேர் நோயா, பல யூகங்கள் இருக்கின்றன. உலகத் தோட்டங்களில் இன்று நிற்கும் பிராங்க்ளினியா மரங்களெல்லாம் பார்ட்ரம் தோட்டத்துச் சந்ததி என்பதே தாவரவியலாரின் முடிவு. வில்லியம் அந்த விதையைப் பறிக்காமல் வந்திருந்தால் அந்த இனமே பெயரில்லாமல் மறைந்திருக்கும்.

வளர்ப்பது சுலபமல்ல. புளிப்புத் தன்மையுள்ள மண், தண்ணீர் தேங்காத இடம், வேரைத் தொடாத கை, மூன்றும் வேண்டும். வேரழுகல் கண்டால் நன்றாக நின்ற மரம் சட்டென்று வாடிவிடும். விசித்திரம் என்னவென்றால், பிறந்த இடமான வெப்பமான ஜார்ஜியாவை விடக் குளிர்ந்த பென்சில்வேனியாதான் இதற்கு நன்றாக ஒத்துக்கொள்கிறது.

ஆஷ் மரத்தின் கதை நேர் மாறாகப் போய்க்கொண்டிருக்கிறது. பார்ட்ரம் காலத்தில் அதைக் காப்பாற்ற வேண்டும் என்று எவராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள், காடெல்லாம் நின்றது. 2002-இல் மிச்சிகன் மாகாணத்தில் மரகதப் பச்சை நிறமுள்ள ஒரு சிறு வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. கிழக்கு ஆசியாவிலிருந்து, சரக்குகளை அடைத்து வந்த மரப்பெட்டிக் கட்டைகளில் ஒளிந்து அது வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதன் புழு பட்டைக்கு அடியில் குடைந்து மரத்துக்குள் சத்து ஓடும் வழியை அறுத்துவிடுகிறது. 2007-இல் பென்சில்வேனியாவுக்கும் வந்துவிட்டது. கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் செத்துவிட்டன. 2017-இல் வெள்ளை ஆஷ் மிகக் கடுமையான அபாயத்தில் இருக்கும் இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தெரு ஓரங்களிலும் தோட்டங்களிலும் ஊதா நிறத்துக்காக வைத்த மரங்களை வெட்டி எடுக்கிறார்கள். வேண்டிய மரத்துக்கு அடிமரத்தில் ஊசி போட்டு மருந்து ஏற்றிக் காப்பாற்றுகிறார்கள். விதைகளைச் சேகரித்துக் குளிர் அறைகளில் வைக்கிறார்கள்.

பார்ட்ரமின் வீடும் தோட்டமும் 1891 முதல் பிலடெல்பியா நகரின் சொத்து. 1731 என்று செதுக்கிய கல் இன்னும் சுவரில் இருக்கிறது. அங்கே ஆகஸ்ட் மாதத்தில் பிராங்க்ளினியா பூக்கத் தொடங்கும். கடைசிப் பூக்கள் உதிர்வதற்குள் இலைகள் சிவக்க ஆரம்பித்துவிடும். அதன் காய் முற்றுவதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். ஆகவே அக்டோபரில் போகிறவர்கள் வெள்ளைப் பூவையும் சிவந்த இலையையும், போன வருஷத்துக் காய் வெடித்து விதை உதிர்வதையும் ஒரே கிளையில் பார்க்கலாம்.